போடாக்ஸா ஃபில்லரா? ஊசிக்கு முன்னாடி நடக்கற தப்புகள்

"முகம் வயசான மாதிரி இருக்கு, போடாக்ஸ் போட எவ்ளோ ஆகும்?" முக்காவாசி பேர் இப்படித்தான் ஆரம்பிக்கறாங்க, முதல் தப்பே இங்கதான் இருக்கு. முகத்துல என்ன மாறியிருக்குன்னு பார்க்காமலேயே ஊசியோட பேரை முடிவு பண்ணிட்டு கிளினிக்குக்கு போயிடறோம்.

கண்ணாடி முன்னாடி நின்னு புருவத்தை நெரிச்சு பாருங்க, நல்லா சிரிச்சு பாருங்க. அப்போ மட்டும் வர்ற கோடு தசை இழுக்கறதால வர்றது, அதுக்குத்தான் போடாக்ஸ். மாறுகண்ணுக்கும் கண் இமை துடிப்புக்கும் 1989லயே அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏகிட்ட அனுமதி வாங்குன மருந்து இது, புருவ நடு கோட்டுக்கு 2002லதான் அனுமதி கிடைச்சது. இது தசையை தளர்த்தும், அவ்ளோதான், பள்ளத்தை நிரப்பாது. சும்மா இருக்கும்போதே கன்னம் ஒட்டி, மூக்கு ஓரத்துலேர்ந்து வாய் வரைக்கும் மடிப்பு விழுந்திருந்தா உள்ள இருக்கற கொழுப்பும் எலும்பும் குறைஞ்சிருக்குன்னு அர்த்தம், அங்கதான் ஹையலூரானிக் ஆசிட் ஃபில்லர், அதாவது தோலுக்கு அடியில ஏத்தி பள்ளத்தை நிரப்பற ஜெல், வேலை செய்யும். அதுலயும் பல பேருக்கு மடிப்புல நேரா போடறதை விட கன்னத்துல கொஞ்சம் ஏத்துனாத்தான் முகம் இயல்பா இருக்கும். தோலே ரொம்ப தொங்கிப்போச்சுன்னா ரெண்டுமே பெருசா உதவாது, அதை ஃபில்லரை வச்சே தூக்கிடலாம்னு எம்எல் எம்எல்லா ஏத்துனா முகம் வீங்கின மாதிரிதான் ஆகும்.

நம்ம ஊர் தோலுக்கு இன்னொரு விஷயம் இருக்கு, இதை யாரும் அழுத்தி சொல்றதில்லங்கறது எனக்கு வருத்தம். மாநிறமும் கருப்பும் இருக்கற தோல்ல சுருக்கம் லேட்டாத்தான் வரும், அதுக்கு முன்னாடியே மங்கு, திட்டுத்திட்டா கருமை, கண்ணுக்கு கீழ கருவளையம்னு நிறம்தான் மாறும். அதுக்கு போடாக்ஸும் ஃபில்லரும் ஒண்ணும் பண்ணாது, தினமும் சன்ஸ்கிரீனும் டாக்டர் எழுதித் தர்ற க்ரீமும்தான் வேலை செய்யும். கருவளையத்துக்கு ஃபில்லர்னு கேட்டு போறவங்க நிறைய, ஆனா அங்க பள்ளம் இருந்து அதோட நிழல்தான் கருப்பா தெரியுதுன்னாதான் பலன் உண்டு, தோலோட நிறமே கருப்புன்னா காசு வேஸ்ட், மேலாப்புல போட்டுட்டாங்கன்னா நீலம் பூத்த மாதிரி வேற தெரியும்.

அடுத்தது யூனிட் கணக்கு, யூனிட்னா போடாக்ஸ் மருந்தோட அளவு. "அங்க யூனிட் கம்மி ரேட்டு அக்கா"ன்னு கேட்டதும் கிளம்பிடாதீங்க. போடாக்ஸ் யூனிட்டும், அதே வேலை செய்யற இன்னொரு பிராண்டான டிஸ்போர்ட்டோட யூனிட்டும் ஒண்ணு கிடையாது, புருவ நடுவுக்கு போடாக்ஸ்ல வழக்கமா 20 யூனிட்னா டிஸ்போர்ட்ல 50. அதனால ரேட்டை மட்டும் வச்சு ஒப்பிட முடியாது. பவுடரா வர்ற மருந்தை சலைன்ல கலக்கறாங்க, தண்ணியா கலந்துட்டா உங்களுக்கு எப்படி தெரியும்? உங்க முன்னாடியே மருந்து குப்பியை திறக்க சொல்லுங்க, பேட்ச் நம்பர் ஸ்டிக்கரை கேட்டு வாங்கிக்கோங்க, நல்ல டாக்டர் யாரும் இதுக்கு கோச்சுக்க மாட்டாங்க.

நெத்தி கோடு சுத்தமா போகணும்னு அடம்பிடிக்கறதும் தப்புதான். வயசானவங்களுக்கு மேல் இமை கனமா இருக்கும், அவங்க தன்னையறியாமலே நெத்தித் தசையாலதான் புருவத்தை தூக்கிப் பிடிச்சிட்டு இருப்பாங்க, அதைப் போய் முழுசா தளர்த்துனா புருவம் கண்ணு மேலேயே இறங்கிடும். போடாக்ஸ்க்கு மாத்து மருந்து கிடையாது, மூணு நாலு மாசத்துல தானா குறையற வரைக்கும் பொறுத்துக்கணும். ஹையலூரானிக் ஃபில்லரை ஹையலூரானிடேஸ் ஊசி போட்டு கரைக்கலாம், ஆனா ஸ்கல்ப்ட்ரா, ரேடியஸ் மாதிரி வேற ஃபில்லர் வகைகளை அப்படி கரைக்க முடியாது. அதனால முதல் தடவையே கரைக்க முடியாத வகை வேணும்னு கேக்காதீங்க.

கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி வேண்டவே வேண்டாம். போடாக்ஸ் முழுசா பிடிக்க ரெண்டு வாரம் ஆகும், ஃபில்லர்னா வீக்கமும் ரத்தக்கட்டும் வரலாம், ஒரு மாசமாவது இடைவெளி விட்டுக்கோங்க. கர்ப்பமா இருக்கறவங்களும் பால் குடுக்கறவங்களும் தள்ளிப்போடுங்க. மயஸ்தீனியா மாதிரி தசை பலவீன நோய் இருந்தா, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிட்டா, மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லுங்க, மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க.

பார்லர்லயோ வீட்டுக்கு வந்து போடறவங்ககிட்டயோ கூடவே கூடாது, ஆன்லைன்ல விக்கற, ஊசியில்லாம அழுத்தத்தால ஃபில்லரை தோலுக்குள்ள தள்ளற ஹையலூரான் பேனாவும் வேண்டாம், 2021லயே எஃப்டிஏ அதை எச்சரிச்சிருக்கு. ஃபில்லர் ரத்தக்குழாய்க்குள்ள போயிட்டா தோல் அழுகலாம், கண்ணு பார்வையே போகலாம், மூக்கு, புருவ நடு, நெத்தி மூணும் ரொம்ப ஆபத்தான இடம். தோல் டாக்டரோ பிளாஸ்டிக் சர்ஜனோதானான்னு பாருங்க, மெடிக்கல் கவுன்சில் ரிஜிஸ்டர் நம்பரை கேளுங்க, ஹையலூரானிடேஸ் கையில இருக்கான்னும் கேளுங்க, இல்லன்னு சொன்னா எழுந்து வந்துடுங்க. போட்டதும் தாங்க முடியாத வலி, தோல் வெளுத்து வலை மாதிரி திட்டு, பார்வை மங்கறது, இதுல எது வந்தாலும் காலையில பாத்துக்கலாம்னு தூங்கிடாதீங்க. நிமிஷக் கணக்குல ஓடணும். போட்ட டாக்டர் போன் எடுக்கலைன்னா கண் டாக்டர் இருக்கற பெரிய எமர்ஜென்சிக்கு நேரா போங்க, எந்த ஃபில்லர்னு அவங்களுக்கு தெரியணும், போடும்போதே கேட்டு வாங்கி வச்ச ஃபில்லர் ஸ்டிக்கரை கையோட எடுத்துட்டு போங்க.