பழைய ஜீப், ஜிப்ஸிக்குக் குறைந்த செலவில் லிஃப்ட்: எங்கெல்லாம் தவறு நடக்கிறது

ஏற்காட்டுக் காபித் தோட்டங்களுக்குள் போகும் பாதைகளில் பாறை அடியில் தட்டுகிறது என்றால், வண்டிக்காரர் பட்டறையில் போய்க் கேட்பது "ரெண்டு இஞ்ச் தூக்கிக் குடுங்க" என்பதுதான். இப்படி வண்டியின் உடலை ஆக்சிலிலிருந்து உயர்த்துவதே லிஃப்ட். மஹிந்திரா எம்.எம்.540, மேஜர், மாருதி ஜிப்ஸி போன்ற வண்டிகளில் அதற்கு முன்பே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இத்தனை வருடத்தில் வண்டி எவ்வளவு இறங்கியிருக்கிறது? பட்டை (லீஃப் ஸ்பிரிங்) படுத்து, புஷ் நசுங்கி, பட்டையின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளின் பின் தேய்ந்து, பழைய வண்டி ஒன்று, ஒன்றரை அங்குலம் இறங்கியிருப்பது சாதாரணம். அதை மீட்டாலே பலருக்கு வேண்டிய உயரம் கிடைத்துவிடும். அதைப் பார்க்காமல் லிஃப்ட் கிட் வாங்குவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே பிறக்கின்றன.

அளப்பது சுலபம். சமதளத்தில் நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்து, நான்கு சக்கரத்திலும் ஹப்பின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடித்து எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் கணக்கில் நுழைந்துவிடும். இடதுக்கும் வலதுக்கும் அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒரு பக்கப் பட்டை சோர்ந்திருக்கிறது, அல்லது உள்ளே ஒன்று ஒடிந்திருக்கிறது. பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டைச் சுற்றித்தான் பெரும்பாலும் ஒடியும். பட்டையை ஆக்சிலோடு பிடிக்கும் யூ போல்ட்டைக் கழற்றினால்தான் கண்ணுக்குத் தெரியும்.

அதோடு சேஸிஸில் ஷேக்கிள் மாட்டும் பிராக்கெட்டைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மழையும் மூடுபனியும் மாறி மாறி வரும் மலையில் பல வருடம் நின்ற வண்டியில் துரு உள்ளிருந்து தின்றிருக்கும். கணீரென்று கேட்காமல் மந்தமாகக் கேட்டால் முதல் செலவு அங்கேதான். துருப்பிடித்த பிராக்கெட்டில் நீளமான ஷேக்கிளை மாட்டினால், அதன் மேல் விழும் நெம்பு இன்னும் கூடும்.

பட்டையில் நடக்கும் தவறு

சேலம், சங்ககிரி, நாமக்கல் வட்டாரம் லாரித் தொழிலின் ஊர். பட்டை வேலை தெரிந்த கைகளுக்குக் குறைவில்லை. அந்த வசதியே ஒரு சிக்கலையும் கொண்டுவருகிறது: ஜீப்புக்கு லாரிப் பட்டையை வெட்டிப் போடுவது. பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். அகலமும் நீளமும் ஒன்றாக இருக்க, 6 மி.மீ. பட்டையை விட 8 மி.மீ. பட்டை ஏறத்தாழ 2.4 மடங்கு விறைப்பு, 10 மி.மீ. என்றால் நாலரை மடங்குக்கும் மேல். "ஒரே ஒரு பட்டை எக்ஸ்ட்ரா" என்று சேர்ப்பது, உண்மையில் நான்கைந்து பட்டை சேர்த்ததற்குச் சமமாகிவிடும்.

அப்படி விறைத்த வண்டி உயரமாக நிற்கும், பாறையில் ஏறாது. ஒரு சக்கரம் கல்லில் ஏறும்போது எதிர்ச் சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொட வேண்டும். பட்டை வளையாவிட்டால் அது அந்தரத்தில் நிற்கும். லாக் இல்லாத டிஃபரன்ஷியல் அந்தச் சக்கரத்தையே சுழற்றிக்கொண்டிருக்கும். உயரத்துக்காகச் செலவழித்தவர் பிடிப்பை இழந்து நிற்பார்.

பட்டை சேர்த்தே ஆக வேண்டுமென்றால், ஏற்கெனவே உள்ள பட்டையின் தடிமனிலேயே, அதே அகலத்தில், மெயின் பட்டையை விடக் குட்டையாக ஒன்று போதும். வெட்டிய முனையைக் கிரைண்டரில் மழித்து வட்டமாக்க வேண்டும். கூரான முனை மேல் பட்டையில் கோடு கிழித்து, அந்தக் கோட்டிலேயே அதை ஒடித்துவிடும்.

படுத்த பட்டையைத் திரும்ப வளைப்பது செலவு குறைந்த, நல்ல வழி. ஆனால் எப்படி வளைக்கிறார்கள் என்று நின்று பாருங்கள். கேஸ் டார்ச்சில் சிவக்கக் காய்ச்சி, வளைத்து, அப்படியே ஆறவிட்டால் ஸ்பிரிங் எஃகின் டெம்பர் போய்விடும். சில மாதத்தில் பழையபடி படுத்துவிடும். சூடாக்கினால் சுமார் 850 முதல் 900 டிகிரியில் எண்ணெயில் முக்கிக் குளிர்வித்து, பிறகு 450 டிகிரியை ஒட்டி மீண்டும் சூடேற்றி டெம்பர் செய்ய வேண்டும். அந்த உலை இல்லாத இடத்தில், சூடே காட்டாமல் அழுத்தி வளைக்கச் சொல்லுங்கள். இடது, வலது இரண்டையும் ஒரே நாளில், ஒரே வளைவுக்குச் செய்ய வேண்டும்.

ஷேக்கிள், பிளாக்

நீள ஷேக்கிள்தான் சந்தையிலேயே மலிவான லிஃப்ட். அதில் கணக்குத் தப்புகிறவர்கள் பலர். ஷேக்கிளை 2 அங்குலம் நீட்டினால் வண்டி ஏறுவது சுமார் 1 அங்குலம்தான். பட்டையின் ஒரு முனை மட்டும் இறங்குவதால் நடுவில் பாதிதான் சேரும். 2 அங்குல உயரத்துக்காக 4 அங்குலம் நீட்டினால் ஷேக்கிள் பக்கவாட்டில் ஆடும், வளைவில் வண்டி துவளும். 2 அங்குலத்துக்கு மேல் நீட்டாதீர்கள். இரு தகட்டுக்கும் நடுவே குறுக்குத் தண்டு உள்ளதையே வாங்குங்கள்.

இன்னொரு பாதிப்பு கண்ணுக்குத் தெரியாது. ஜிப்ஸியைப் போல முன் ஷேக்கிள் முன்பக்கம் இருக்கும் வண்டியில், அது நீண்டதும் முன் ஆக்சில் முன்னோக்கிச் சாயும், காஸ்டர் (ஸ்டியரிங் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) குறையும். ஸ்டியரிங் தானாகத் திரும்பி நேராகாது. சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்குள் 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் ஸ்டியரிங்கைக் கையால் இழுத்து நேராக்க வேண்டிவந்தால் காரணம் இதுதான். பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே 2 முதல் 4 டிகிரி இரும்பு ஆப்பு வைத்துச் சரிசெய்யலாம். அலுமினிய ஆப்பு நசுங்கி நழுவும்.

உயரத்துக்காகப் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே வைக்கும் கட்டைதான் பிளாக். அதை முன் ஆக்சிலில் வைக்கவே கூடாது. பிரேக் பிடிக்கும்போது ஆக்சிலை முறுக்கும் விசை முழுவதும் அந்தக் கட்டையின் மேல் விழும். பின்னால் வைத்தால் ஒன்றுதான், அதுவும் இரும்பில். ஒன்றின் மேல் ஒன்று அடுக்குவதும், மரக்கட்டை செதுக்கி வைப்பதும் உயிரோடு விளையாடுவது. ஜிப்ஸியில் பட்டை ஆக்சிலுக்குக் கீழே இருக்கும். அதை மேலே மாற்றினால் நிறைய உயரம் வரும் என்பது உண்மைதான். ஆனால் ஆக்சிலில் புது இருக்கை வெல்டிங், ஸ்டியரிங் மாற்றம், புரொபெல்லர் ஷாஃப்ட் மாற்றம் எல்லாம் கூடவே வரும். அது குறைந்த செலவு வேலை அல்ல.

பிரேக் ஹோஸும் ஷாக்கும்

மறக்கப்படுவதும் ஆபத்தானதும் இதுதான். லிஃப்ட் ஆன பிறகு சேஸிஸுக்குக் கீழே ஸ்டாண்டு கொடுத்து ஆக்சிலை மெதுவாகத் தொங்கவிடுங்கள். முன் சக்கரத்தை முழு இடது, முழு வலது திருப்பி, பிரேக் ஹோஸ் எங்கேயாவது விறைக்கிறதா என்று பாருங்கள். விறைத்தால் நீளமான ஹோஸ் போட வேண்டும். பைப்பை வளைத்துச் சமாளிக்கக் கூடாது. பின் பிரேக்குக்குச் சுமையறியும் வால்வு உள்ள வண்டியில், உயரம் கூடியதும் வண்டி காலியாக இருப்பதாக வால்வு எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். மலை இறங்கும்போது முன் பிரேக் மட்டும் சூடேறும். வால்வின் கைத்தண்டை உயரத்துக்கு ஏற்பத் திருத்த வேண்டும்.

பழைய ஷாக்கையே (ஷாக் அப்சார்பர்) விட்டுவைத்தால் ஆக்சில் தொங்கும்போது அதன் எடையை ஷாக் தாங்கும். சீக்கிரமே கண் பிய்ந்துவிடும். புதிது வாங்கக் கிட் பெயரை நம்ப வேண்டாம், இரண்டு அளவு போதும். ஷாக்கைக் கழற்றி, ஆக்சில் முழுக்கத் தொங்கும்போது மேல் கீழ் மவுண்ட்டுக்கு இடையே உள்ள தூரம் ஒன்று. ஆக்சில் சேஸிஸில் மோதாமல் தடுக்கும் பம்ப் ரப்பர் நசுங்கும் வரை ஏற்றியபோது உள்ள தூரம் இன்னொன்று. ஷாக்கின் விரிந்த நீளம் முதல் அளவை விட 15–20 மி.மீ. கூடுதலாகவும், சுருங்கிய நீளம் இரண்டாவதை விட அதே அளவு குறைவாகவும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் பொருந்துவது கிடைக்காவிட்டால் பம்ப் ரப்பரின் கீழே ஸ்பேசர் வைத்துக் கணக்கை நேராக்கலாம்.

ஜிப்ஸியின் வீல்பேஸ் 2,375 மி.மீ.தான். ஆக்சிலுக்கு விசை கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்ட் குட்டை, அதனால் சிறு லிஃப்டிலும் கோணம் செங்குத்தாகும். குறிப்பிட்ட வேகத்தில் தரை அதிர்ந்தால் கிராஸ் பேரிங்கை மாற்றி மாற்றிப் பயனில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து (விசையை முன், பின் ஆக்சிலுக்குப் பிரிக்கும் பெட்டி) வரும் பிளாஞ்சும் ஆக்சில் பக்கத்துப் பினியன் பிளாஞ்சும் இணையாக இருக்கின்றனவா என்று கோணமானி வைத்துப் பார்க்க வேண்டும்.

2010-இல் வந்த மஹிந்திரா தார் சிஆர்டிஇ-யில் முன்னால் பட்டை கிடையாது, முறுக்கத்தால் ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பார் என்ற தண்டு. போல்ட்டை முறுக்கினால் இலவசமாக உயரம் கிடைப்பதுபோல் தோன்றும். ஏறிய அளவுக்குச் சக்கரம் கீழே இறங்கும் தூரம் போய்விடும், ஆக்சில் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையும் கிழியும். 1 அங்குலத்தோடு நிறுத்தி, வீல் அலைன்மென்ட் செய்யுங்கள்.

உயரம் எங்கே ஏறுகிறது

ஜிப்ஸி போல முழு ஆக்சில் உள்ள வண்டியில் எந்த லிஃப்டும் டிஃபரன்ஷியலைத் தரையிலிருந்து ஒரு மி.மீ. கூட உயர்த்தாது. அதை உயர்த்துவது டயர் மட்டுமே, அதுவும் விட்டம் கூடியதில் பாதி. ஜிப்ஸி கிங்கில் வரும் 205/70 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 668 மி.மீ. அதற்குப் பதில் 215/75 ஆர்15 போட்டால் அடியில் கூடுவது 18 மி.மீ. 235/75 ஆர்15 என்றால் சுமார் 33 மி.மீ.; ஆனால் மீட்டர் 60 காட்டும்போது வண்டி 66-இல் போகும், கியரும் இழுக்கத் திணறும். தோட்டப் பாதைக்கு முந்தையது போதும் என்பது எங்கள் கருத்து. அதற்குப் பெரிய லிஃப்ட் தேவையும் இல்லை.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. 15 வருடம் தாண்டிய வண்டி ஆர்.சி. புதுப்பிக்க ஆய்வுக்குப் போயாக வேண்டும். விபத்தில் இன்சூரன்ஸும் கேள்வி கேட்கும். கம்பெனி உயரத்துக்கு மீட்பது பழுதுபார்ப்பு. அதைத் தாண்டும் ஒவ்வொரு அங்குலமும் உங்கள் பொறுப்பு.

மாட்டும்போது பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். ஒருமுறை இழுபட்ட போல்ட் இறுக்கத்தைப் பிடித்து வைக்காது. ரப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டி சக்கரத்தில் நின்ற பிறகே இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் புஷ் எப்போதும் முறுக்கிலேயே இருந்து கிழியும். யூ போல்ட்டை டார்க் ரெஞ்ச்சில், மேனுவல் சொல்லும் அளவுக்கு, குறுக்குக் குறுக்காக இறுக்கி, நட்டுக்கும் மரைக்கும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போடுங்கள். 100 கி.மீ. ஓடியதும் மறுபடி இறுக்குங்கள். அதன் பிறகே குப்பனூர் வழியாகவோ அடிவாரம் வழியாகவோ ஒருமுறை மலை ஏறி இறங்கி, பெயின்ட் கோடு விலகியிருக்கிறதா, முழுத் திருப்பலில் டயர் பட்டையிலோ மட்கார்டிலோ உரசிய தடம் இருக்கிறதா என்று பாருங்கள். 500 கி.மீ.யில் இன்னொரு முறை ரெஞ்ச் வையுங்கள்.