வாய் பிளக்க வைக்கும் வினாடி வினா: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நடத்துவோருக்கு

ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் எத்தனை எலும்பு? இந்தக் கேள்வி அரங்கில் விழுந்ததும் இருபது, முப்பது, ஐம்பது என்று நாலா பக்கமும் சத்தம் வரும். விடை 7. நம் கழுத்திலும் அதே 7தான். ஒட்டகச்சிவிங்கிக்கு ஒவ்வொரு எலும்பும் ரொம்ப நீளம், அவ்வளவே. பொங்கல் விழா, பள்ளி ஆண்டு விழா, நூலக வார விழா என்று எங்கே நடத்தினாலும் வேடிக்கைப் பொது அறிவுப் போட்டிக்கு இந்த மாதிரிக் கேள்விதான் வேண்டும். எல்லாரும் விடை தெரியும் என்று நினைக்க வேண்டும், பெரும்பாலோர் தவற வேண்டும், விடை கேட்டதும் "அட, ஆமாம்ல!" என்று சொல்ல வேண்டும். தலைநகர், நாணயம், விருது வாங்கியவர் பெயர் எல்லாம் வெறும் மனப்பாடம். அதற்கு வேறு போட்டிகள் இருக்கின்றன.

எத்தனை கேள்வி தேவை?

இரண்டு மணி நேர நிகழ்ச்சிக்குக் கணக்கு இது. எழுத்துத் தேர்வுக்கு 20, மேடையில் ஆறு அணிகளுக்கு ஆறு சுற்று என்று 36, பார்வையாளர்களுக்கு 10, சமன் உடைக்க 4. மொத்தம் 70. ஆனால் 90 எழுதிக்கொள்ளுங்கள். சரிபார்க்கும்போது குறைந்தது இருபது கழன்று விழும்.

மேடைக் கேள்வி ஒன்றுக்கு இரண்டு நிமிடம் போகும்: வாசிக்க 15 விநாடி, யோசிக்க 30, விடை தெரியாமல் அடுத்த அணிக்குப் பாஸ் ஆகிச் சுற்றி வர ஒரு நிமிடத்துக்குள், மீதி விளக்கத்துக்கு. அந்த விளக்கத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள். ஆஸ்திரேலியாவின் வாம்பேட் என்ற விலங்கு கனசதுரமாகச் சாணம் போடும் என்று சொன்னால் கூட்டம் சிரிக்கும். குடல் சுவர் ஓரிடத்தில் விறைப்பாகவும் ஓரிடத்தில் நெகிழ்வாகவும் இருப்பதால்தான் கட்டி கட்டியாக வருகிறது, அதைப் பாறை மேல் வைத்துத் தன் எல்லையைக் காட்டிக்கொள்கிறது என்று இரண்டு வரி சேர்த்தால்தான் சிரிப்பு அறிவாக மாறும். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்பதோடு நிறுத்தாமல், இரண்டு செவுளுக்கும் ஒன்று உடம்புக்கும் ரத்தம் தள்ளுகின்றன, அந்த ரத்தத்தில் இரும்புக்குப் பதில் செம்பு இருப்பதால் அது நீலம் என்றும் சொல்லுங்கள்.

கேள்வியின் வாசகம்

போட்டியில் சண்டை வருவது பெரும்பாலும் விடையால் அல்ல, கேள்வியின் வாசகத்தால். வெள்ளி கிரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "எந்தக் கிரகத்தில் ஒரு நாள் ஒரு வருஷத்தை விட நீளம்?" என்பது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிற கேள்வி. வெள்ளி தன்னைத்தானே ஒரு முறை சுற்ற 243 பூமி நாட்கள், சூரியனைச் சுற்ற 225 நாட்கள். கேள்வி சரிபோலத்தான் தெரியும். ஆனால் நாள் என்பதை ஒரு சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரை என்று எடுத்தால் அங்கே அது ஏறக்குறைய 117 பூமி நாட்கள்தான். விவரம் தெரிந்த பத்தாம் வகுப்புப் பையன் எழுந்து கேட்டால் நடுவரிடம் பதில் இருக்காது. ஆகவே இப்படி எழுதுங்கள்: "சூரியனை ஒரு முறை சுற்றி வருவதை விட, தன்னைத்தானே ஒரு முறை சுற்ற அதிக காலம் எடுக்கும் கிரகம் எது?" வேடிக்கை குறையவில்லை, ஓட்டை அடைபட்டுவிட்டது.

சனி கிரகம் தண்ணீரில் மிதக்கும் என்பதும் அப்படித்தான். சனியின் சராசரி அடர்த்தி தண்ணீரை விடக் குறைவு என்பது உண்மை. ஆனால் அது வாயுக்கோளம். அதை மிதக்க விடும் தொட்டியும் கிடையாது, வைத்தால் முழு உருண்டையாக நிற்கவும் நிற்காது. "தண்ணீரை விட அடர்த்தி குறைந்த கிரகம் எது?" என்று கேட்டு, மிதக்கிற கதையை விளக்கத்தில் சொல்லிக்கொள்ளுங்கள்.

மாட்டுக்கு எத்தனை வயிறு? நான்கு என்று அட்டையில் எழுதி வைத்துவிட்டு, ஆலம்பாடி மாடு வளர்க்கிற ஊரில் போய்க் கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள். மாட்டுக்கு வயிறு ஒன்றுதான், அதற்குள் அறைகள் நான்கு. "மாட்டின் வயிற்றில் எத்தனை அறைகள்?" என்று கேட்டால் எந்தக் கால்நடை மருத்துவர் முன்னாலும் நிற்கும்.

உலகின் பெரிய பாலைவனம் என்றால் அண்டார்டிகா, சகாரா இரண்டுக்கும் ஆள் இருப்பார்கள். பாலைவனத்தை மழை, பனிப்பொழிவின் குறைவை வைத்தே வகுக்கிறார்கள் என்பதால் அண்டார்டிகாதான் பெரிது. வெப்பப் பாலைவனங்களில் சகாரா. எதைக் கேட்கிறீர்கள் என்பதைக் கேள்விக்குள்ளேயே சொல்லிவிடுங்கள். உலகின் நீளமான நதி நைலா அமேசானா என்ற கேள்வியைத் தொடவே வேண்டாம். எங்கிருந்து அளப்பது என்பதில் அறிஞர்களுக்குள்ளேயே வழக்கு நடக்கிறது.

எண்களிலும் கவனம். 1896 ஆகஸ்ட் 27 அன்று பிரிட்டனுக்கும் சான்சிபாருக்கும் நடந்த போர் 38 நிமிடம் என்று ஒருவர் எழுதுவார், 45 என்று இன்னொருவர். நிமிடத்தைக் கேட்காதீர்கள். "ஒரு மணி நேரம்கூட நீடிக்காத போரில் பிரிட்டனிடம் தோற்ற தீவு எது?" என்று கேளுங்கள்.

காலாவதியான விடைகள்

மருந்துக் கடையில் தேதி பார்த்து வாங்குகிற மாதிரி வினா விடைப் புத்தகத்துக்கும் தேதி பார்க்க வேண்டும். "புளூட்டோவை விட ரஷ்யா பெரியது" என்பது பல வருஷம் ஓடிய வேடிக்கைத் தகவல். 2015 ஜூலையில் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் புளூட்டோவைக் கடந்தபோது விட்டம் சுமார் 2,377 கி.மீ. என்று தெரிந்தது. அதன்படி அதன் மேற்பரப்பு ஏறக்குறைய 1.77 கோடி சதுர கி.மீ.; ரஷ்யா 1.71 கோடி. பழைய விடை செத்துவிட்டது, ஆனால் கைபேசியில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

நம் மண்ணிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் தமிழக அரசு அறிவித்தது. தமிழ்நாட்டில் மிகப் பழைய இரும்பு எங்கே என்றால் மயிலாடும்பாறை என்பது அப்போது சரியான விடை. 2025 ஜனவரியில் வெளியான அறிக்கை தூத்துக்குடி மாவட்டம் சிவகளையின் காலத்தை கி.மு. 3345 வரை பின்னுக்குக் கொண்டுபோனது. மூன்று வருஷத்தில் விடை மாறிவிட்டது.

இதற்கு நல்ல வழி ஒன்று உண்டு. "மிக" என்ற சொல்லை எடுத்துவிட்டு, நடந்து முடிந்த ஒரு செய்தியில் கேள்வியைக் கட்டுங்கள். "கி.மு. 2172 என்று காலம் கணிக்கப்பட்ட இரும்பு கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எந்த ஊரில் கிடைத்தது?" இது எந்த வருஷமும் கெடாது. சனிக்கு எத்தனை நிலா என்று கேட்பதும் ஆபத்து: 2023இல் 146, 2025 மார்ச்சில் 274. "2025இல் ஒரே மூச்சில் 128 புதிய நிலாக்கள் சேர்ந்த கிரகம் எது?" என்று கேட்டால் தப்பிக்கலாம். எவரெஸ்ட் உயரம் 2020 டிசம்பர் முதல் 8,848.86 மீட்டர், 8,848, 8,849 இரண்டையும் ஏற்றுக்கொள்ளும்படி விடைத்தாளிலேயே குறித்து வையுங்கள்.

ஒவ்வொரு விடையையும் ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு இடங்களில் சரிபாருங்கள். வாட்ஸப் செய்தியும் அதை அப்படியே நகல் எடுத்த இணையப் பக்கமும் இரண்டு இடம் ஆகாது. ஓரிடம் பாடப்புத்தகம், நாசா, இஸ்ரோ, தொல்லியல் துறை போன்றதாக இருக்கட்டும்.

உள்ளூர் வாசல்

விண்வெளியும் வரலாறும் எங்கோ இருப்பவை என்ற எண்ணத்தை உடைக்க, சில கேள்விகளை நம் அடுப்பங்கரையிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் தொடங்குங்கள். எங்கள் கணிப்பில் கூட்டம் அதிகமாக விவாதிப்பது இவற்றைத்தான்.

"புளி, தக்காளி, மிளகாய், மிளகு. இதில் இந்தியாவில் தோன்றியது எது?" தருமபுரிச் சந்தையில் புளியும் பாலக்கோட்டில் தக்காளியும் மலை மலையாகக் குவிவதைப் பார்த்தவர்கள் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். புளிய மரத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. தக்காளி தென் அமெரிக்கா. மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. மிளகு மட்டுமே நம் மேற்குத் தொடர்ச்சி மலையுடையது.

"மாமரத்துக்குச் சொந்தம் யார்? பலா, கொய்யா, முந்திரி?" விடை முந்திரி. இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். மாங்காய்ப் பால் பட்டுத் தோல் வெந்துபோவதும், முந்திரிக் கொட்டை ஓட்டின் எண்ணெய் கையைப் புண்ணாக்குவதும் அந்த உறவால்தான். கிருஷ்ணகிரியில் மாந்தோப்பு வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்த விளக்கம் உடனே புரியும்.

"இந்தியாவின் கடைசி கவர்னர் ஜெனரல் பிறந்த ஊர் இன்று எந்த மாவட்டத்தில் இருக்கிறது?" மவுண்ட்பேட்டனை மனதில் வைத்தவர்கள் மாவட்டமா என்று முழிப்பார்கள். கடைசி கவர்னர் ஜெனரல் ராஜாஜி, ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளி, கிருஷ்ணகிரி மாவட்டம். "இன்று" என்ற சொல் அவசியம். அவர் பிறந்த 1878இல் அது சேலம் மாவட்டம்.

"நிலாவில் ஓடப்போகும் ஊர்தியைச் சோதிக்க இஸ்ரோ நிலா மண் மாதிரி ஒன்று தயாரித்தது. பாறை எந்த மாவட்டத்திலிருந்து போனது?" நாமக்கல், சித்தம்பூண்டிப் பக்கம். அங்குள்ள அனார்த்தோசைட் பாறை நிலாவின் மேட்டு நிலப் பாறையை ஒத்தது.

ஒரு வேண்டுகோள். தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டிப் பக்கம் நடத்தும்போது யானையை வைத்துக் கேலிக் கேள்வி வேண்டாம். பயிரையும் ஆளையும் இழந்த வீடுகள் கூட்டத்தில் இருக்கலாம். யானையின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 22 மாதம் போன்ற நேரான கேள்வி போதும். 1932இல் ஆஸ்திரேலியாவில் கோதுமையை அழித்த ஈமுக்களை விரட்ட ராணுவம் இயந்திரத் துப்பாக்கியோடு போய்த் தோற்றுத் திரும்பிய கதையை எங்கே வேண்டுமானாலும் கேட்கலாம்.

ஓசூர் வட்டாரத்தில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள் ஏராளம். ஆங்கில வழியில் படிப்பவர்களும் உண்டு. கிரகம், விலங்கு பெயர்களை இரண்டு விதமாகவும் சொல்லுங்கள்: வெள்ளி, அதாவது வீனஸ், நீர்யானை, அதாவது ஹிப்போ. எந்த மொழியில் விடை வந்தாலும் மதிப்பெண் உண்டு என்று முதலிலேயே அறிவியுங்கள்.

மேடை

எழுத்துத் தேர்வு 25 நிமிடம். தாள்களை அணிகளுக்குள் மாற்றிக் கொடுத்துத் திருத்தச் சொல்லாதீர்கள், தகராறு வரும். இரண்டு பேர் தனியே உட்கார்ந்து 15 நிமிடத்தில் திருத்தட்டும். அந்த இடைவெளியில் பார்வையாளர் கேள்விகளை ஓட்டிவிடலாம். அவற்றுக்குப் பரிசு கடலை மிட்டாயே போதும்.

மேடையில் நேர் விடைக்கு 10, பாஸில் வந்த விடைக்கு 5. இந்த முறையில் ஒரு பிசகு உண்டு: பலவீனமான அணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்த அணி சும்மா 5, 5 ஆகச் சேர்த்துக்கொண்டு முந்திவிடும். ஆகவே முதல் மூன்று சுற்று 1, 2, 3 என்ற வரிசையில் போகட்டும். பின் மூன்று சுற்றும் 6, 5, 4 என்று திரும்பட்டும். இருக்கையைக் குலுக்கல் போட்டுக் கொடுங்கள்.

சரியா தவறா சுற்று ஒன்றுக்கு மேல் வேண்டாம், பாதி அதிர்ஷ்டம் அது. சரி, தவறுக்கு 5, காரணத்துக்கு 5 என்று பிரித்தால் நியாயம். நிலாவிலிருந்து சீனப் பெருஞ்சுவர் தெரியாது; சுவர் பல ஆயிரம் கி.மீ. நீளம்தான், ஆனால் அகலம் சில மீட்டர். ஒட்டகத் திமிலில் இருப்பது தண்ணீர் இல்லை, கொழுப்பு. நெருப்புக்கோழி மண்ணில் தலையைப் புதைப்பதில்லை. இப்படி எல்லாமே தவறு என்று வந்தால் பிள்ளைகள் இரண்டாவது அணியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். நீர்யானைக்குத் தோலில் சுரப்பது சிவப்பாக மாறும், வௌவால் மட்டுமே உண்மையில் பறக்கும் பாலூட்டி என்று சரியானவற்றையும் கலந்து வையுங்கள்.

யோசித்தே விடை காணும் கேள்விகளுக்கு 45 விநாடி கொடுக்கலாம். "கிளியோபாட்ராவின் காலத்துக்கு எது அருகில்: கீசாவின் பெரிய பிரமிடு கட்டியதா, மனிதன் நிலாவில் கால் வைத்ததா?" பிரமிடு ஏறக்குறைய கி.மு. 2560, அவர் இறந்தது கி.மு. 30, நிலாப் பயணம் 1969. கணக்குப் போட்டால் நிலாதான் ஐந்நூறு வருஷம் பக்கம். பலகையில் ஒரு கோடு போட்டு மூன்று புள்ளி வைத்துக் காட்டுங்கள்.

ஆட்சேபம் வந்தால் அடுத்த கேள்வி தொடங்கும் முன்பே எழுப்ப வேண்டும், அணித்தலைவர் மட்டும் பேச வேண்டும். தீராவிட்டால் கேள்வியை ரத்து செய்து இருப்பிலிருந்து ஒன்று எடுங்கள். கரண்ட் போனாலும் நடக்கும்படி எல்லாக் கேள்வியும் அட்டையில் இருக்கட்டும்.

சமன் ஆனால் எண் ஊகக் கேள்வி. "தருமபுரி மாவட்டம் பிறந்த 1965 அக்டோபர் 2 முதல், அதிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்த 2004 பிப்ரவரி 9 வரை எத்தனை நாட்கள் கடந்தன?" விடை 14,009. ஒரு நிமிடம் கொடுத்து இரு அணியும் சீட்டில் எழுதித் தரட்டும், மிக அருகில் வந்தவர் வென்றவர். இருவரும் ஒரே அளவு விலகியிருந்தால் அடுத்த ஊகக் கேள்விக்குப் போங்கள். நான்கு எழுதி வைக்கச் சொன்னது அதற்காகத்தான்.