கேட்டில் ஆள் சோதனை: முதலில் வாய், கடைசியில்தான் கை

ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ ஒரு ஷூ கம்பெனி வாசலில் சாயங்காலம் ஷிஃப்ட் விடும் நேரத்தில் நின்று பாருங்கள். முந்நூறு நானூறு பெண்கள் வரிசையில், வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு, கேட்டில் இரண்டே இரண்டு லேடி செக்யூரிட்டி. செக்கிங் தப்பாகப் போவது பெரும்பாலும் இந்த அவசரத்தில்தான். ராணுவத்தில் இருந்து வந்து இந்தப் பக்கம் சூப்பர்வைசராக இருக்கிறேன், புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் வாயால் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் விஷயம், நாம் போலீஸ் இல்லை. கைது செய்த ஒருவரின் உடலைச் சோதிக்க போலீசுக்கு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 49ஆம் பிரிவு அதிகாரம் கொடுக்கிறது, அதிலும் பெண்ணாக இருந்தால் இன்னொரு பெண்தான், கண்ணியம் கெடாமல் சோதிக்க வேண்டும் என்கிறது. போலீசுக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால் நமக்கு? நம்மிடம் இருப்பது எதிரில் நிற்பவரின் சம்மதம் மட்டும். அதனால் 'உள்ளே வருபவர்கள், வெளியே போகிறவர்கள் சோதனைக்கு உட்பட்டவர்கள்' என்ற போர்டு வாசலிலேயே பெரிய எழுத்தில் இருக்க வேண்டும், வேலைக்கு எடுக்கும்போதே தொழிலாளியிடம் சொல்லிவிட வேண்டும். எங்கள் வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்துக்குப் போகிற ஊர் உண்டு, இந்த வேலையில் எக்ஸ் சர்வீஸ்மேன் நிறைய. எல்லையில் சோதனை போட்ட கை நம்முடையது, இங்கே அந்தக் கை ஆகாது. பழைய பச்சை யூனிஃபார்மும் ஆகாது, 2005ஆம் வருடத் தனியார் பாதுகாப்பு முகமைச் சட்டத்தில் அது தண்டனைக்குரியது.

ஒருவர் முடியாது என்றால்? உள்ளே வருகிறவரை உள்ளே விடாமல் இருக்கலாம், அவ்வளவுதான். வெளியே போகிறவரின் சட்டையைப் பிடித்து நிறுத்தினால், அறையில் உட்காரவைத்துப் பூட்டினால், பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 126, 127ஆம் பிரிவுகள் நம் மேல் பாயும். பெண் மேல் தப்பான எண்ணத்தோடு கை வைத்தால் அதன் 74ஆம் பிரிவு, குறைந்தது ஒரு வருடம், அதிகபட்சம் ஐந்து வருட ஜெயில். பெரிய குற்றத்தை உங்கள் கண் எதிரில் ஒருவர் செய்தால் பிடிக்கலாம், ஆனால் 6 மணி நேரத்துக்குள் போலீசில் ஒப்படைக்க வேண்டும். சந்தேகம் போதாது. மேனேஜருக்குச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் 100க்குப் போன் போடுங்கள், கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.

சரி, சம்மதிக்கிறார். உடனே தொடாதீர்கள். "வணக்கம்மா, பையில் இருப்பதைக் கொஞ்சம் காட்டுங்க" என்று கேளுங்கள், பையை அவரே திறக்கட்டும், பொருளை அவரே எடுத்து மேஜையில் வைக்கட்டும். டிபன் பாக்ஸ் மூடியையும் அவர்தான் திறக்க வேண்டும். நாப்கின் பாக்கெட்டைக் கண்டால் கண்ணை எடுத்துவிடுங்கள், அதைப் பிரித்து உதறிய ஒரு லேடி செக்யூரிட்டியால் நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் மொத்த லைனும் வேலையை நிறுத்தி உட்கார்ந்துவிட்டது, நியாயம் அந்தப் பெண்கள் பக்கம்தான். செல்போன் இருக்கிறதா என்று பார்க்கலாம், அதைத் திறந்து கேலரியைப் பார்க்க நமக்கு உரிமை கிடையாது.

அடுத்தது மெட்டல் டிடெக்டர். உடம்பில் படாமல் இரண்டு மூன்று விரல் அகலம் தள்ளி, முன்பக்கம் மேலிருந்து கீழே, அப்புறம் முதுகு. கத்தும், கண்டிப்பாகக் கத்தும். தாலி, மெட்டி, கொலுசு, சேலைப் பின், ஜாக்கெட்டுக்குள் செருகிய சில்லறைப் பர்ஸ், எல்லாவற்றுக்கும் கத்தும். "இங்கே என்னம்மா இருக்கு?" என்று கேட்டால் அவரே சொல்லிவிடுவார். தாலியைக் கழற்றச் சொல்வது, கையால் தூக்கிப் பார்ப்பது இரண்டும் கூடாது. ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவர்களுக்கு இன்னொன்று: முதலில் "உடம்பில் மெஷின், பிளேட் ஏதாவது வெச்சிருக்காங்களா?" என்று கேட்டுவிடுங்கள். பேஸ்மேக்கர் இருந்தால் டிடெக்டரை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். ஆபரேஷன் ஆகி, மலமோ சிறுநீரோ சேர வயிற்றில் பை கட்டியவர்கள் அதைச் சட்டைக்குள் மறைத்திருப்பார்கள், அமுக்கிப் பார்த்தால் அது கிழிந்துவிடும். வேலூருக்கு வங்காளத்தில் இருந்தும் வடகிழக்கில் இருந்தும் வைத்தியத்துக்கு வருகிறவர்கள் ஏராளம், தமிழில் சத்தம் போட்டால் அவர்களுக்குப் புரிந்துவிடாது. நாலு வரி இந்தி எழுதி மேஜையில் ஒட்டுங்கள்.

இதற்கெல்லாம் பிறகும் தேவை என்றால்தான் கை. ஆணை ஆண், பெண்ணைப் பெண், பக்கத்தில் அதே பாலினத்தவர் ஒருவர் சாட்சியாக. திரைக்குப் பின்னால், கேமரா இல்லாத இடத்தில். உங்கள் வெறுங்கையை முதலில் விரித்துக் காட்டுங்கள், அப்போதுதான் 'நீயே வைத்துவிட்டாய்' என்ற பேச்சு வராது. எங்கே தொடப் போகிறீர்கள் என்பதைத் தொடுவதற்கு முன்னால் சொல்லுங்கள். உடைக்கு மேலேதான், அந்தரங்க இடங்களில் கையே வைக்கக் கூடாது. பாக்கெட்டுக்குள் கை விடாதீர்கள், அவரே வெளியே இழுத்துக் காட்டட்டும். துணியை அவிழ்க்கச் சொல்வதற்கு எந்த மேனேஜர் சொன்னாலும் முடியாது என்று சொல்லிவிடுங்கள். மேல்விஷாரத்திலும் வாணியம்பாடியிலும் புர்கா போட்ட அக்காக்கள் தினமும் வருவார்கள், முகத்திரையை நீக்குவது பெண் காவலர் முன்னால், மூடிய அறைக்குள் மட்டும். திருநங்கை வந்தால் யார் சோதிக்க வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள், இதில் உங்கள் அபிப்பிராயத்துக்கு வேலை இல்லை. குழந்தை என்றால் அப்பா அம்மா கூட இருக்க வேண்டும்.

யாரைச் சோதனைக்குக் கூப்பிடுவது என்பதிலும் சிக்கல் இருக்கிறது. முகத்தையும் துணியையும் பார்த்துக் கூப்பிட்டால் ஒரே வாரத்தில் ஊருக்கே தெரிந்துவிடும். நான் ஒரு துணிப்பையில் பதினெட்டு வெள்ளை மணி, இரண்டு சிவப்பு மணி போட்டு வைத்தேன். வருகிறவர் பார்க்காமல் ஒன்றை எடுத்துவிட்டுத் திரும்பப் போடுவார், சிவப்பு வந்தால் செக்கிங். ஒருநாள் மேனேஜருக்கே சிவப்பு வந்தது, அவர் பையைத் திறந்து காட்டினார், அன்றிலிருந்து லைனில் முணுமுணுப்பு குறைந்தது.

முடிந்ததும் ரிஜிஸ்டர். நேரம், பெயர், சோதித்தவர், சாட்சி, கிடைத்த பொருள், அவர் கையெழுத்து. கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் 'மறுத்தார்' என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், ஏன் மறுத்தார் என்று உங்கள் ஊகத்தை எழுதாதீர்கள்.