காலண்டர் தாளின் பின்பக்கம்

மதுரை புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில், போட்டித் தேர்வுக்குப் படிக்க வருபவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், "எனக்குக் கணக்கு வராதுங்க" என்று சொல்பவர் ஒருவராவது இருப்பார். தன்னம்பிக்கை முதலில் வரட்டும், பிறகு முழுமூச்சாக இறங்கலாம் என்று அவர் காத்திருப்பார். வரிசை அப்படி இல்லை. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் வெளியிட்ட கட்டுரையில், தன் திறமை மீது ஒருவருக்கு நம்பிக்கை பிறக்கும் வழிகளாக நான்கைக் குறிப்பிட்டார்: தானே செய்து முடித்த அனுபவம், பிறர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கமொழி, உடலும் மனமும் இருக்கும் நிலை. இவற்றுள் முதலாவதே வலுவானது. நள்ளிரவு வரை ஊக்கமூட்டும் காணொளிகளைப் பார்த்துவிட்டு மறுநாள் எட்டு மணிக்கு எழுபவர் நம்பியிருப்பது மூன்றாவதை மட்டுமே.

ஆகவே, செய்து முடிக்கக்கூடிய அளவுக்கு இலக்கை நறுக்குவதுதான் முதல் வேலை. தமிழக அரசுப் பணிக்கான குரூப் 4 தேர்வின் 200 வினாக்களில் 25 மட்டுமே கணக்கும் அறிவுக்கூர்மையும் சார்ந்தவை. "கணக்கு வராது" என்பதைப் பிரித்துப் பார்த்தால், தனிவட்டி ஓரளவு வரும், சதவீதம் தடுமாறும், 'வேலையும் நேரமும்' சுத்தமாகப் புரியாது என்று தெரியவரும். ஓரளவு வருவதிலிருந்தே தொடங்க வேண்டும். புரியாததில் முட்டிக்கொண்டால் முதல் வாரமே மனம் விட்டுப்போகும்.

நான் துணிக்கடை ஒன்றில் இரவு ஒன்பதரை வரை நின்று வேலை பார்த்துக்கொண்டே படித்தவன். தினமும் ஐந்து மணி நேரம் என்று சார்ட் தாளில் நான்கு வண்ணங்களில் எழுதிச் சுவரில் ஒட்டிய அட்டவணை நான்கு நாள் தாங்கியது. பிறகு, வீட்டுத் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதத் தொடங்கினேன்: "தனிவட்டி, மூன்று கணக்கு, ராத்திரி சாப்பிட்டதும்." முன்பக்கத்தில் ராகு காலமும் எமகண்டமும், பின்பக்கத்தில் என் மூன்று கணக்கு. முடித்தால் ஒரு டிக், முடிக்காவிட்டால் ஏன் என்று இரண்டே சொல். இரண்டு வகைத் தாள்களையும் ஒரே கிளிப்பில் கோத்துவைத்தேன். 'கால்வலி' என்று ஆறு தாள்களில் எழுதியதைப் பார்த்த பிறகுதான், படிப்பைக் காலைக்கு மாற்ற வேண்டும் என்று எனக்கு உறைத்தது.

இடையூறுகளுக்கும் முன்கூட்டியே எழுதிவையுங்கள். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகரை வரவேற்கும் எதிர்சேவையன்று வீடு நிறைய உறவினர் இருக்கும்போது வழக்கம்போலப் படிப்பேன் என்பது வீம்பு. "வீட்டில் ஆள் கூடினால், விடியுமுன் மொட்டைமாடியில் ஒரே ஒரு கணக்கு" என்பது திட்டம். இப்படி, இன்னது நேர்ந்தால் இன்னது செய்வேன் என்று முன்பே முடிவு செய்வது இலக்கை எட்டத் துணைசெய்கிறது என்பதைப் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டின. ஒரு நாள் தவறினாலும் கலங்க வேண்டியதில்லை: 2010-இல் வெளியான லண்டன் ஆய்வொன்றில், ஒரு பழக்கம் தன்னியல்பாக மாற நடுமதிப்பில் 66 நாள் ஆனது, ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது, இடையில் ஒரு நாள் விடுபட்டதால் பெரிய பாதிப்பு ஏற்படவில்லை.

முன்மாதிரிக்கு மதுரையில் பஞ்சமில்லை. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன கண் மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி, அந்த விரல்களாலேயே கத்தியைப் பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளைச் செய்தார். பணி ஓய்வுக்குப் பின் 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஆயினும் அன்றாடப் பயனுக்கு, போன தேர்வில் தேறிய அடுத்த தெரு அண்ணனோ அக்காவோ மேல். அவர்கள் எதில் தடுமாறினார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

முப்பது தாள் சேர்ந்ததும் எண்ணிப் பாருங்கள். டிக் பாதிக்கும் கீழே இருந்தால் வேலையின் அளவைக் குறையுங்கள். இருபத்தைந்தைத் தாண்டினால் ஒரு கணக்கைக் கூட்டுங்கள். டிக் இல்லாத தாளைக் கிழித்து எறியாதீர்கள். தேர்வுக்கு முந்தைய இரவு புதுப் பாடம் எதையும் தொடாமல், ஹால் டிக்கெட்டையும் கருப்பு மைப் பந்துமுனைப் பேனாவையும் எடுத்துவைத்துவிட்டு, அந்தக் கிளிப்பில் உள்ள தாள்களை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுத் தூங்குங்கள்.