பெயர்ப்பலகைப் பணிக்கு அளவுப் பட்டியல் தயாரிக்கும் முறை

வேலூரில் ஒரு தங்கும் விடுதிக்கோ மருத்துவமனைக்கோ பெயர்ப்பலகைகள் செய்யக் கொட்டேஷன் கேட்டால், பெரும்பாலும் ‘சதுர அடிக்கு இவ்வளவு’ என்ற ஒற்றை வரியே கைக்கு வரும். இரும்புச் சட்டம் எத்தனை கிலோ, வயரிங் யார் பொறுப்பு, சாரச் செலவு அதில் அடங்குமா என்பவை அந்த வரியில் தெரியாததால், நான்கு பேரிடம் விலை வாங்கினாலும் ஒப்பிட வழியிராது. எந்தப் பொருள், எந்த வேலை எவ்வளவு என்று வரிவரியாகக் காட்டும், பிஓக்யூ எனப்படும் அளவுப் பட்டியலை விலை கேட்பதற்கு முன்பே நாமே தயாரித்துக் கொடுக்க வேண்டும்.

முதலில் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டடம் முழுவதும் நடந்து, பலகை வரவேண்டிய ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் கொடுங்கள். முகப்பு, தள வழிகாட்டி, அறை எண், கழிப்பறை, அவசர வழி என வகை பிரித்து, வாசகத்தையும் அப்போதே முடிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் கடை, நிறுவனப் பலகைகளில் தமிழ் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும் என்பது விதி. வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வரும் வெளிமாநில நோயாளிகளுக்காக வங்காளமும் தெலுங்கும் சேர்ந்தால், இரண்டு வரிப் பலகை நான்கு வரியாகிப் பரப்பளவும் கூடிவிடும்.

அடுத்தது அலகு. பலகை முகப்பைச் சதுர அடியிலும், இரும்பைக் கிலோவிலும், தனி எழுத்துகளை உயரம் குறிப்பிட்டு எண்ணிக்கையிலும், கேபிளை ரன்னிங் மீட்டரிலும் (நீளத்தை மட்டும் அளக்கும் மீட்டர் கணக்கு) எழுதுவது நல்லது. பொருத்தி முடித்த நிகர அளவு மட்டுமே அளவுக் கட்டத்தில் வர வேண்டும்; சேதாரத்தை ஒப்பந்தக்காரர் தம் விலையில் சேர்த்துக்கொள்வார்.

பலகை முகப்புக்குப் பயன்படும் ஏசிபி ஷீட் (இரு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த தகடு) கடைகளில் பொதுவாக 8 அடிக்கு 4 அடியில் கிடைக்கும். முகப்பின் உயரத்தை 4 அடி என்று போட்டுவிட்டு, மேலும் கீழும் 3 அங்குலம் மடிக்கச் சொன்னால் ஷீட் அகலம் போதாது. தனிப் பட்டை வெட்டி ஒட்ட வேண்டியிருக்கும், அந்த இணைப்பு வழியாகவே பின்னாளில் மழைநீர் இறங்கும். உயரத்தை மூன்றரை அடியாக்கினால் மடிப்புடன் சரியாக ஒரு ஷீட் அகலத்தில் முடிந்துவிடும். அப்படி 12 அடி நீளப் பலகை ஒன்றுக்குச் சுற்றுச்சட்டம் 31 அடி, 2 அடிக்கு ஒன்றாக 5 நிமிர்சட்டங்கள் பதினேழரை அடி, நடுச்சட்டம் 12 அடி, ஆக அறுபதரை அடி வரும். 25 மி.மீ. சதுர எம்எஸ் (சாதாரண இரும்பு) டியூப், 2 மி.மீ. கனத்தில், மீட்டருக்குச் சுமார் 1.44 கிலோ என்பதால் மொத்தம் ஏறக்குறைய 26.5 கிலோ. டியூப்பின் கனத்தை எழுதாமல் விட்டால் மெலிந்த டியூப்தான் வந்து சேரும். விலை குறைவாகத் தெரிவதன் ரகசியம் பல நேரம் இவ்வளவுதான்.

எல்இடி விளக்குக்கு மாட்யூல்கள் எனப்படும் சிறு விளக்குத் துண்டுகளின் எண்ணிக்கையையும் வாட்டையும் பெருக்கி, அதற்கு மேல் கால் பங்கு கூட்டி, அவற்றுக்கு மின்சாரம் மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் கருவியின் திறனைக் குறிப்பிடுங்கள். 100 மாட்யூல், ஒவ்வொன்றும் 1 வாட் என்றால் 125 வாட்டுக்குக் குறையாத, மழை தாங்கும் வகை வேண்டும். வேலூர் வெயிலில் மூடிய பெட்டிக்குள் எஸ்எம்பிஎஸ் சூடாகிப் பழுதாவது சகஜம் என்பதால், காற்றுத்துளையும் திறக்கக்கூடிய மூடியும் தனி வரியாக வரட்டும்.

பழைய பலகையைக் கழற்றுதல், சுவர்த் துளைகளைப் பூசுதல், ஆங்கர் போல்ட், பிரைமர், சாரம், போக்குவரத்து ஆகியவற்றை ‘இதர செலவு’ என்று ஒரே வரியில் அடக்காமல் தனித்தனியே கேளுங்கள். ஜிஎஸ்டி சேர்ந்த விலையா, தனியா என்பதைப் பட்டியலின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.