இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு கேட்பது எப்படி?

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளை இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவம் போனதும் தமிழை அப்படியே விட்டுவிடுகிறது, செந்தூலில் எங்கள் அடுக்குமாடியிலேயே பார்க்கிறேன். புலம்பாதீர்கள், ஆள் சேருங்கள். மலேசியாவின் 1996 கல்விச் சட்டப்படி, பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தேசிய இடைநிலைப்பள்ளி தமிழ் கற்க வசதி செய்து தர வேண்டும். வாட்சாப்பில் "சரி, போடுங்க" என்று சொல்வதெல்லாம் கணக்கில் வராது; பிள்ளையின் பெயர், வகுப்பு, பெற்றோர் கையெழுத்தோடு மலாயில் கடிதம் எழுதிக் கொடுத்து, நகலில் அலுவலக முத்திரை வாங்குங்கள் (எங்கள் முதல் கடிதம் எங்கே போனதோ, இன்றுவரை தெரியாது). ஆசிரியர் இல்லை என்று பள்ளியில் சொல்வார்கள், அதனால் கல்வி இலாகாவுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். அப்புறம், வகுப்பு பள்ளி முடிந்த பிறகுதான் என்றால் வேன்காரரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள், எங்கள் பிள்ளைகள் பாதிப்பேர் வகுப்பை விட்டு நின்றது வேன் இல்லாததால்தான்.