ரயில் பெட்டிக்குள் படம் எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு

மதுரையிலிருந்து போடிக்குச் செல்லும் ரயிலில் சக பயணிகளைப் படம் எடுக்க விரும்புபவர்கள், முதலில் உட்காரும் இடத்தைக் கவனித்துத் தேர்ந்துகொள்ள வேண்டும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், மேற்கு நோக்கி ஓடும் வண்டியின் இடப்புறச் சன்னல்களில் வெயில் நேராக விழுந்து, முகங்களின் மேல் கம்பிகளின் நிழலைக் கோடு கோடாகப் பதிக்கும். வலப்புறத்திலோ வெளிச்சம் மென்மையாகப் பரவும். (எனக்கு அந்தக் கம்பி நிழலும் பிடிக்கும் என்பது வேறு.)

பெட்டி குலுங்கும் என்பதால் ஷட்டர் (கேமராவுக்குள் ஒளியை விடும் திரை) வேகத்தை 1/250 நொடி அல்லது அதைவிட வேகமாக வைத்து, ஐஎஸ்ஓவை (ஒளியை உணரும் திறனின் அளவை) 1600 வரை உயர்த்தலாம். படத்தில் சற்றுப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தாலும் பாதகமில்லை. இரவில் நடைமேடை விளக்குகளின் கீழ் எடுக்கும் படத்தில் கரும்பட்டைகள் விழுந்தால், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்குகள் நொடிக்கு நூறு முறை மினுக்கும், அதற்கு இசைவாக ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 ஆக மாற்றிப் பாருங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் வாக்கர் எவான்ஸ் 1938 முதல் 1941 வரை நியூயார்க் சுரங்க ரயிலில் கோட்டுக்குள் கேமராவை மறைத்துவைத்துப் பயணிகளைப் படமெடுத்தார். நம் பக்கம் அது சரிப்படாது, உசிலம்பட்டியில் ஏறுபவர் ஆண்டிப்பட்டி வருவதற்குள் "தம்பிக்கு எந்த ஊரு?" என்று கேட்டுவிடுவார். ஆகவே பேச்சுக் கொடுத்து, அனுமதி பெற்று, உடனே எடுக்காமல் பத்து நிமிடம் பொறுத்திருந்தால், எதிரே பூக்கட்டும் அம்மா கேமராவை மறந்து, நார் நுனியைப் பல்லில் கடித்தபடி அடுத்த முடிச்சைப் போடத் தொடங்கியிருப்பார். எடுத்த படத்தை அவரிடம் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அவர் கண்முன்னேயே அழித்துவிடுங்கள்.